அவர் பெயருக்கு நான் சொன்ன பதில்

பட்டறையின் ஆபீஸ் அறையில், கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். அது என் அளவுக்கு எடுத்த சட்டை. ஆனால் என் வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. துவைப்பதும் இஸ்திரி போட்டு வைப்பதும் முதலாளியம்மாதான். வெளியூர் வியாபாரி யாராவது வருகிறார் என்று தெரிந்தால் நான் மண் அடிக்கும் அச்சு மெஷினை விட்டு எழுந்து, டிரம்மில் கை கால் முகம் கழுவி, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி நாற்காலியில் உட்கார வேண்டும். மேசைக்கு மேலே வெள்ளைச் சட்டை. மேசைக்குக் கீழே மண் படிந்த கைலி. வந்தவர் கிளம்பும்போது நான் எழுந்திருக்கக் கூடாது என்பது முதலாளியம்மா போட்ட சட்டம். எழுந்தால் கைலி தெரிந்துவிடும். நான் எழுந்து வழியனுப்பாததால் பெரிய இடத்து ஆள் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "உங்கள மாதிரி திமிரு புடிச்ச மொதலாளி இந்தத் தொழிற்பேட்டையிலேயே இல்லண்ணே," என்பார்.

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் பல உண்டு. சிலர் பொம்மை செய்வார்கள், சிலர் ஜாடி, சிலர் கழிவறைச் சாமான். எங்கள் பட்டறையில் ஃபியூஸ் கட்டை. பழைய வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தால் வரிசையாக இருக்குமே, கம்பி சுற்றிய வெள்ளைப் பீங்கான், அதுதான். முதலாளியம்மா என்னைவிட நாலு வயது சின்னவர். பீங்கான் தொழில் படித்து, வேறொரு பட்டறையில் ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்து, தன் நகைகளை விற்றுச் சொந்தமாக இந்த ஷெட்டைப் பிடித்தவர். கணவர் வெளிநாட்டில் வண்டி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "தூசியா இருக்குது," என்று சொல்லிப் போய்விடுவார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மண் கலக்குவது, அச்சில் அடிப்பது, சூளை வண்டியில் சாமான் அடுக்குவது, இவைதான் எனக்குத் தெரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் வாயிலிருந்து வார்த்தை வராது. அப்படிப்பட்ட என்னைப் போய் அவர் அந்த நாற்காலியில் உட்கார வைத்ததற்குக் காரணம், வேறு வழி இல்லாமல் போனதுதான்.

முதல் வருடம் வியாபாரிகள் வருவார்கள், அவரைப் பார்ப்பார்கள், "மொதலாளி எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். "நான்தாங்க," என்பார் இவர். அவர்கள் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, அவரு வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க," என்று எழுந்துவிடுவார்கள். ஒருவர் அப்படி எழுந்து போய் அடுத்த ஷெட்டில் ஆர்டர் கொடுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அங்கே செய்த சரக்கு எங்கள் சரக்கின் கால் தூசிக்கு வராது. மூன்றாவது முறை அப்படி நடந்த அன்று சாயங்காலம் முதலாளியம்மா கடைவீதிக்குப் போய்ச் சட்டையோடு வந்தார். வேலையில் இருந்த நாலு பெண்களையும் என்னையும் பார்த்தார். ஆண் நான் ஒருவன்தான். சட்டை எனக்கு வந்தது.

நான் பேச வேண்டியதே இல்லை என்று சொல்லித்தான் உட்கார வைத்தார். அவர் டீ டம்ளரோடு பக்கத்தில் நிற்பார். வந்தவர் என்னிடம் ஏதாவது கேட்டால், அவர் என் பக்கம் திரும்பி, "நேத்து நீங்க சொன்னீங்களேண்ணே, அம்பது பெட்டிக்கு மேல போனா ரேட்ட கொறைக்கலாம்னு," என்பார். நான் தலையை ஆட்டுவேன். "நீங்க அன்னைக்கே சொன்னீங்களேண்ணே, அந்த மண்ணு வேணாம், சுட்டா வளையுதுன்னு," என்பார். நான் அதற்கும் தலையை ஆட்டுவேன். நான் சொல்லாத வார்த்தைகளை நேற்றே சொல்லிவிட்டதாக ஆக்கி, என் வழியாகவே அவர் வியாபாரம் பேசினார். பேச்சு குறைவான ஆள், ஆனால் விஷயம் தெரிந்தவர் என்று எனக்குப் பெயர் வந்தது. ஒரு வருடத்தில் ஆர்டர் இரண்டு மடங்கு ஆயிற்று.

இதை வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் அந்தச் சட்டை மெதுவாக எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. தொழிற்பேட்டை முனையில் டீக்கடை வைத்திருந்தவர், நான் கைலியோடு போனால் டம்ளரைக் கடை முன்னால் கிடக்கும் மரக்கட்டையில் வைப்பார். சட்டையோடு போன ஒரு நாள், "மொதலாளிக்கு ஒரு டீ," என்று சொல்லி, டம்ளருக்கு அடியில் சாசர் வைத்துக் கையில் கொடுத்தார். அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. நான் திருத்தவில்லை. அதன் பிறகு வியாபாரி போன பின்னும் சட்டையைக் கழற்றாமல் டீக்கடைக்குப் போய்விட்டு வருவேன். மாமனார் வீட்டில், "பட்டறைய கூட்டு சேந்து பாத்துக்கறேன்," என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தேன். ஒரு பெண்ணிடம் கூலிக்கு இருக்கிறேன் என்று சொல்வதைவிட அது எளிதாக இருந்தது. வாய் வராதவன் என்று சொல்கிறேனே, இந்தப் பொய்க்கு மட்டும் எனக்கு வாய் வந்தது.

பதினோரு பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுச் சூளை போட்டிருந்தார்கள். எல்லோருடைய சரக்கும் அதில்தான் வேகும். சக்கரம் வைத்த இரும்பு வண்டியில் தட்டுத் தட்டாக அடுக்கி உள்ளே தள்ளிக் கதவை மூடுவோம். சூளைக்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. நடுவில் வைத்த சரக்கு ஒரே சீராக வேகும். கதவு ஓரத்திலும் அடித்தட்டிலும் வைத்தது ஒரு பக்கம் வளைந்து வரும், அல்லது மேலே பூசிய கிளேஸ் பளபளப்பு ஏறாமல் அரைவேக்காடாக நிற்கும். யார் சரக்கு எங்கே என்பதைச் சூளைக் கமிட்டித் தலைவர் முடிவு செய்வார். எங்கள் சரக்கு எப்போதும் அடித்தட்டு, கதவு ஓரம். நாலு கட்டைக்கு ஒரு கட்டை வீண்.

கமிட்டிக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, சூளையை ஒட்டிய தகர ஷெட்டில் நடக்கும். ஒரு நோட்டில் உறுப்பினர் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். பதினொன்றில் நாலு பெண் பெயர். பெண் பெயரில் பட்டறை எடுத்தால் அரசாங்கத்தில் சலுகை உண்டு என்பதால் மூன்று பேர் மனைவி பெயரில் எடுத்திருந்தார்கள். அந்தப் பெயர்களை வாசிக்கும்போது கணவர்கள், "வந்துருக்கேன்," என்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். நாலாவது பெயர் முதலாளியம்மாவுடையது. அதற்கு நான், "வந்துருக்கேன்," என்பேன். உடனே யாராவது ஒருவர், "இன்னாம்மா, பூ வெக்காம வந்துட்ட?" என்பார். இன்னொருவர், "சீக்கிரம் அனுப்புங்கப்பா, வூட்ல ஒல வெக்கணும்ல," என்பார். நான் தலை குனிந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பெண்கள் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வந்ததில்லை, அவ்வளவுதான். இப்படி மூன்று வருடம் மாதம் தவறாமல் அவர் பெயருக்கு நான் பதில் சொன்னேன்.

தலைவர் பதவி அந்த நோட்டில் உள்ள வரிசைப்படி வருடத்துக்கு ஒருவரிடம் போகும். மனைவி பெயருக்கு முறை வந்தபோது கணவர் உட்கார்ந்தார். நாலாவது வருடம் முதலாளியம்மாவின் முறை வந்தது. கணவர் ஊரில் இல்லை, ஆகவே அது அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று யாரும் பேசாமலே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். முதலாளியம்மா அப்படி நினைக்கவில்லை. இரண்டு வருடமாக அவர் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறை சூளை மூடும்போதும் யார் சரக்கு எந்தத் தட்டில் இருந்தது, எத்தனை நல்லதாக வந்தது, எத்தனை வளைந்தது என்று படம் போட்டு எழுதியிருந்தார். வண்டியில் அடுக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றி, அடித்தட்டுக்கு இடைவெளி விட்டு, இடத்தையும் முறை வைத்து மாற்றிக்கொண்டால் யாருக்கும் இவ்வளவு சேதம் வராது என்பது அவர் கணக்கு. எங்களுக்கு அது வாழ்வா சாவா என்ற நிலை. எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் வாங்கிய மதுரை வியாபாரி, இன்னொரு லோடு வளைந்து வந்தால் நிறுத்திக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் நின்றால் பட்டறை நிற்கும். பட்டறை நின்றால் நாங்கள் ஐந்து பேரும் நிற்போம்.

"இந்த தபா நானே போறேண்ணே," என்றார். "நீங்களும் வாங்க. அடுக்கறத பத்தி கேட்டா நீங்க சொல்லணும். அந்த வேல உங்களுக்குத்தான் தெரியும்."

அன்று சட்டையைப் போடச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாசலில் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எதுக்குண்ணே சட்ட?" என்றார். "கூட்டமாச்சேம்மா," என்றேன். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர் உள்ளே வந்ததும் பீடிகள் அணைந்தன. தலைவர் கெட்டவர் இல்லை. மின்விசிறியை முதலாளியம்மா பக்கம் திருப்பி வைத்தார், நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். நான் பெஞ்சில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் தட்டில் டம்ளர்களோடு வந்து நின்றார். பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக, "வந்துருக்கேன்," "வந்துருக்கேன்," என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். முதலாளியம்மாவின் பெயரை வாசித்தார்கள்.

"வந்துருக்கேன்," என்றேன் நான். சத்தமாக, தெளிவாகச் சொன்னேன். மூன்று வருடப் பழக்கம் என் வாயில் இருந்தது. அதே நேரத்தில் அவர் பாதி எழுந்து வாயைத் திறந்திருந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு தகர ஷெட்டே அதிரும்படி சிரித்தார்கள்.

"ஒரு பேருக்கு ரெண்டு பேரு வந்தா எப்படிப்பா?" என்றார் தலைவர், அவரும் சிரித்துக்கொண்டு. "யாரு பேருன்னு எழுதறது?"

"என் பேருதாங்க. பட்டறைய நான்தான் பாக்கறேன்," என்றார் முதலாளியம்மா. "இந்த வருஷம் என் மொற. சூளை வெக்கறத பத்தி எழுதி எடுத்தாந்துருக்கேன், பாருங்க."

"அது சரிம்மா. ஆனா மதுரக்காரரு இவருட்டதான் பேசறேன்னு சொன்னாரு. சேலத்துக்காரரும் அதையேதான் சொல்றாரு. நாங்களும் நாற்காலியில இவரத்தான் பாத்துருக்கோம்." தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. பட்டறைய யாரு பாக்கறது? நீயா, அவங்களா?"

முதலில் வாய் தவறியதை மன்னிக்கலாம். அதைப் பழக்கம் என்று சொல்லலாம், நானும் பல வருடம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டாவது கேள்விக்கு யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியம்மா பார்த்தார். டீக்கடைக்காரர் தட்டோடு பார்த்தார். அவங்கதான் என்று சொன்னால், இத்தனை நாள் நான் சாசரோடு குடித்த டீ எல்லாம் பொய்யாகிவிடும். மாமனார் வீட்டில் சொன்னது பொய்யாகிவிடும். நாளையிலிருந்து அந்தக் கடையில் டம்ளர் கட்டையில்தான். இவ்வளவு அற்பமான விஷயங்கள்தான் என் மனதில் ஓடின. நேற்று நான் என்ன சொன்னேன் என்று எனக்கு எடுத்துக் கொடுக்க அன்று பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"நான்தாங்க பாத்துக்கறேன்," என்றேன். முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்களும் இருப்பாங்க," என்று சேர்த்துக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா, உங்க ஆளே சொல்றாரே," என்றார் தலைவர். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு எல்லோரையும் பார்த்து, "பேரு இருக்கறவங்க பட்டறைய பாக்கல. பாக்கறவரு பேரு நோட்டுல இல்ல. கூலி ஆள தலைவராப் போட முடியாது. அடுத்த பேருக்குப் போயிடலாமா?" என்றார். மனைவி பெயருக்கு வந்து உட்கார்ந்திருந்த மூன்று பேரும்தான் முதலில் கை தூக்கினார்கள். அது சரியா என்று யாரும் கேட்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது பழக்கத்தில் என் கையும் பாதி மேலே போனது. அதை மடியில் இறக்கி வைத்தேன். டீக்கடைக்காரர் வரிசையாக டம்ளர் கொடுத்துக்கொண்டு வந்து, எனக்கு மட்டும் சாசரோடு கொடுத்தார். முதலாளியம்மாவுக்கு டீ வரவில்லை. அவர் குடிக்க மாட்டார் என்று நினைத்திருப்பார்கள். கூட்டம் முடியும்வரை அவர் எழுந்து போகவில்லை, நோட்டைப் பிரிக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்து நீங்க சொன்னீங்களேன்னு நான் எத்தன தபா சொல்லியிருப்பேன். இன்னைக்கு ஒரே ஒரு தபா நீங்க சொல்லியிருக்கலாம்ணே." கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை காத்திருந்து, "சட்டைய வாங்கிக் குடுத்தது நான்தானே. யார நோவறது," என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழியில் பாதியை அவரே எடுத்துக்கொண்டதுதான் இன்றுவரை ஆறவில்லை.

எங்கள் சரக்கு அடித்தட்டிலேயே வெந்தது. மதுரை வியாபாரி அடுத்த லோடோடு நிறுத்திக்கொண்டார். தீபாவளிக்குப் பிறகு ஷெட்டைக் காலி செய்தார் முதலாளியம்மா. அதற்கு முன் எங்கள் ஐந்து பேருக்கும் வேறு பட்டறைகளில் வேலை பேசி வைத்தார். எனக்குப் பேசும்போது, "சூளை அடுக்கறதுல இவர மாதிரி ஆள் கெடையாது," என்று சொன்னாராம். பொதுச் சூளையில் மூன்று நாலு வருடம் கழித்து, இடைவெளி விட்டு அடுக்கும் முறையை யாரோ கொண்டு வந்தார்கள். சேதம் பாதியாகக் குறைந்தது. அதைக் கொண்டு வந்தவருக்குப் பொங்கலன்று சால்வை போட்டார்கள். நானும் கை தட்டினேன். அந்த முறை ஒரு பெண்ணின் நோட்டில் முன்பே எழுதியிருந்தது என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முதலாளியம்மா இப்போது பெண்ணாடம் போகும் சாலையில் சின்னதாகச் சொந்தச் சூளை வைத்திருக்கிறார் என்று கேள்வி. பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்த்திருக்கிறேன். அவர் பெயர்தான் போட்டிருக்கிறது. அந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். இறங்கி என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பஸ் எடுத்துவிடும். தலைவர் போன்றவர்கள் அவரைத் தடுத்தார்கள் என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கும். அவர்கள் கேள்விதான் கேட்டார்கள். பதில் சொன்னது நான். அவரிடம் சம்பளம் வாங்கி, அவர் சொல்லிக் கொடுத்த தொழிலைச் செய்து, அவர் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

இப்போது நான் வேலை செய்யும் பட்டறையும் ஒரு பெண் பெயரில்தான் இருக்கிறது. முதலாளியின் மனைவி. கல்யாணமாகி வந்து இருபது வருடம் ஆகிறது, ஷெட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. காகிதங்களில் கையெழுத்து வாங்க என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். போன வாரம் போனபோது அந்த அம்மா சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். எங்கே எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்தில் பேனாவை எடுக்காமல் நிமிர்ந்து, "சூளை உள்ள எப்படிண்ணே இருக்கும்? அங்க இன்னாதான் செய்றீங்க? ஒரு நாளு வந்து பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருக்குறேன்," என்றார்.

"அங்க ஒரே தூசி, சூடும்மா. நீங்க எதுக்கு அலையணும், நாங்கதான் இருக்கோமே," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டு முடித்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து சைக்கிளை எடுத்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டிருந்தார். காலிங்பெல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பட்டறையில் காகிதத்துக்காகக் காத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சைக்கிளை மிதித்தேன்.